முன்பல் சந்தை அடைக்க எது சரி: காம்போசிட்டா, வெனீரா, கேப்பா, கம்பியா, அலைனரா?

மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே 2 மி.மீ. சந்து. ஒரு கிளினிக்கில் கம்பி போடுங்கள், ஒரு வருஷம் ஆகும் என்கிறார்கள். இன்னொன்றில் ஒரு மணி நேரத்தில் அடைத்து அனுப்பிவிடலாம் என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் நாலு பல்லையும் ராவி, பல் முழுவதையும் மூடும் உறையான கேப் போட்டால் அப்புறம் கவலையே இல்லை என்கிறார்கள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது இந்த மூன்று பதிலையும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் நிறையப் பேர். சந்தை மூன்றுமே மூடிவிடும். ஆனால் அதற்கு ஈடாக உங்கள் பல்லிலிருந்து எவ்வளவை எடுத்துக்கொள்கின்றன என்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது.

## சந்து ஏன் வந்தது? இது தெரியாமல் கை வைக்கக் கூடாது

பிறவியிலேயே தாடை பெரிதாகவும் பல் சிறிதாகவும் இருப்பது பொதுவான காரணம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வரும். நடுப்பல்லுக்கு அடுத்த பல் மட்டும் ஆணி மாதிரி கூம்பியிருந்தாலும், முளைக்காமலே போயிருந்தாலும், நடுப்பற்கள் அந்த இடத்துக்கு நகர்ந்து நடுவில் சந்து விழும். ஈறுக்குள் இரண்டு நடுப்பல்லுக்கும் இடையே ஒரு கூடுதல் பல் புதைந்து கிடப்பதும் உண்டு. எக்ஸ்-ரே எடுக்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சதை நார் சிலருக்குத் தடித்து, பல்லிடுக்கு வரை இறங்கியிருக்கும். கண்ணாடி முன் நின்று மேலுதட்டை நன்றாக இழுத்துப் பாருங்கள். நடுப்பல் இரண்டுக்கும் இடையிலுள்ள ஈறு வெளுத்தால் நார் அதுவரை போகிறது என்று அர்த்தம். விழுங்கும்போது நாக்கு முன்பல்லைத் தள்ளுவது, நெடுநாள் விரல் சூப்பியது, கீழ்ப்பல் மேல்பல்லின் பின்புறத்தில் ஆழமாகப் போய் முட்டுவது ஆகியவையும் காரணங்கள்.

இவற்றிலெல்லாம் சந்து சின்ன வயதிலிருந்தே இருக்கும். முப்பதோ நாற்பதோ தாண்டிய பிறகு புதிதாக வந்த சந்து வேறு ஜாதி. பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். அதில் சேர்ந்திருந்த பல் இப்போது விலகியிருந்தால், ஈறு நோயில் எலும்பு கரைந்து பல் இடம் பெயர்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தை அப்படியே விட்டவர்களுக்கு, கடிக்கும் பாரம் முழுக்க முன்பல்லில் விழுந்து அவை விசிறி போல விரியும். மேல் முன்பல் மேல் விரல் நுனியை லேசாக வைத்து, பல்லை மெல்லக் கடித்துக் கடித்துத் திறந்து பாருங்கள். விரலில் அதிர்வு தெரிந்தால் அந்தப் பல் கூடுதல் பாரத்தை வாங்குகிறது. இப்படிப்பட்டவர்கள் அழகுச் சிகிச்சையை ஒத்திவைத்து, முதலில் ஈறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கும் ஈறு நோய் வேகமாக முற்றும்.

பலர் கிளீனிங் செய்துகொள்ளவே தயங்குவதற்கு ஒரு பயம் காரணம்: “பல்லைச் சுத்தம் பண்ணினால் சந்து வந்துவிடும், பல் ஆடும்.” சந்து ஏற்கெனவே இருந்ததுதான். அதைக் காரை, அதாவது பல்லில் படிந்து இறுகிய அழுக்கு, அடைத்துக்கொண்டிருந்தது. காரையை எடுத்ததும் வெளியே தெரிகிறது. காரை இருக்கிற வரை அதன் கீழே எலும்பு கரைந்துகொண்டுதான் இருக்கும்.

குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை மேல் நடுப்பற்கள் விலகி நிற்பது வளர்ச்சியின் இயல்பான கட்டம். கோரைப்பல் இறங்கும்போது, சின்னச் சந்து பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். அவசரப்பட்டு எதையும் ஒட்ட வேண்டாம். ஆனால் ஒரு நடுப்பல் முளைத்து ஆறு மாதமாகியும் அதன் ஜோடியான மற்ற நடுப்பல் வரவில்லையென்றால் எக்ஸ்-ரே எடுத்தாக வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

பல்லைத் திரும்பப் பெற முடியுமா? ராவிய எனாமல் மறுபடி வளராது. எங்களைக் கேட்டால் மற்ற எல்லாக் கணக்குக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதுதான்.

சந்தின் அளவும் பல்லின் வடிவமும். மேல் நடுப்பல் சராசரியாக 8.5 மி.மீ. அகலம், 10.5 மி.மீ. உயரம் இருக்கும். அகலம் உயரத்தில் 75 முதல் 80 சதவீதம் வரை இருந்தால் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். 2 மி.மீ. சந்தை இரண்டு நடுப்பல்லிலும் ஆளுக்கு 1 மி.மீ. சேர்த்து அடைத்தால் அகலம் 9.5 ஆகிறது. அதாவது 90 சதவீதம். பல் சதுரக்கட்டையாகி, முயல்பல் போலத் தெரியும். 1 மி.மீ. சந்து என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் அரை மி.மீ.தான், பெரிதாக உறுத்தாது. ஒரு மணி நேரத்தில் அடைக்கலாம் என்பது எல்லாச் சந்துக்கும் பொருந்தாததன் காரணம் இந்தச் சின்னக் கணக்கு.

ஈறோரத்துக் கருப்பு முக்கோணம். இரண்டு பல்லும் தொடும் புள்ளியிலிருந்து எலும்பின் விளிம்பு வரை 5 மி.மீ. அல்லது அதற்குள் இருந்தால், இடையில் ஈறு வளர்ந்து அநேகமாக நிரப்பிவிடும். 6 மி.மீ. ஆனால் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் நிரம்பும். 7 மி.மீ. என்றால் கால்வாசிப் பேருக்கு. 1992-இல் டார்னோ என்ற மருத்துவர் குழுவினர் அளந்து சொன்ன கணக்கு இது, இன்றும் கிளினிக்குகளில் பயன்படுகிறது. எலும்பு குறைந்தவர்களுக்குச் சந்தை அடைத்தாலும் ஈறோரத்தில் ஒரு கருப்பு முக்கோணம் மிஞ்சும்.

இருபது வருஷச் செலவு. இன்றைய பில்லை மட்டும் பார்க்கக் கூடாது. எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றும்போது இன்னும் எவ்வளவு பல் போகும் என்பதும் சேர்ந்ததுதான் விலை.

## காம்போசிட்: பல் நிறப் பசையால் அடைப்பது

பல்லை ராவாமல், அல்லது மேற்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்கி மட்டும், பக்கவாட்டில் பல் நிறக் காம்போசிட்டை ஒட்டி வளர்ப்பது. 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் 15 முதல் 30 விநாடி தடவிக் கழுவுவார்கள். காய்ந்ததும் அந்த இடம் சுண்ணாம்பு போல வெளுத்திருக்க வேண்டும். பிறகு ஒட்டும் திரவம், அதன்மேல் 2 மி.மீ.க்கு மிகாத அடுக்குகளாகக் காம்போசிட், ஒவ்வோர் அடுக்குக்கும் நீல ஒளி. கடைசியில் பாலிஷ். ஒரு பல்லுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு பல்லுக்குச் சில ஆயிரம் ரூபாய்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. முதலாவது ஈரம்: எச்சிலோ ஈறு ரத்தமோ பட்டால் ஒட்டு பிடிக்காது. ஈறு வீங்கி ரத்தம் வருகிற நிலையில் இந்த வேலையைச் செய்வது வீண். முதலில் கிளீனிங், ஒன்றிரண்டு வாரம் கழித்து அடைப்பு. இரண்டாவது ஈறோர விளிம்பு: காம்போசிட் அங்கே படியாக நீட்டிக்கொண்டிருந்தால் அதன் அடியில் அழுக்கு சேரும், ஈறு சிவக்கும். வேலை முடிந்ததும் நாற்காலியிலேயே ஃபிளாஸ் நூலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நூல் கிழியாமல், சிக்காமல் வழுக்கி வர வேண்டும். மூன்றாவது நிறம்: பல் காய்ந்தால் இயல்பைவிட வெளுத்துக் காட்டும். வாயைத் திறந்து வைத்து இருபது நிமிஷம் கழித்து நிறம் பார்த்தால் தப்பான நிறம்தான் அமையும். நிற எண்ணை உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பார்க்க வேண்டும்.

மறைமுகச் செலவும் இருக்கிறது. டீ, காபி, மஞ்சள், வெற்றிலை, குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் எல்லாம் கறை ஏற்றும். வருஷத்துக்கு ஒருமுறை பாலிஷ் போட வேண்டும். சராசரியாக ஐந்திலிருந்து ஏழு வருஷத்தில் செப்பனிடவோ மாற்றவோ நேரும். முறுக்கு, கரும்பு, நல்லி எலும்பை முன்பல்லில் கடிப்பதும், ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பதும், நகம் கடிப்பதும் முனையை உடைக்கும். பல்லை வெளுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரம் விட்டுச் சந்தை அடைத்துக்கொள்ளுங்கள். காம்போசிட் வெளுக்காது, மேலும் வெளுப்பு மருந்து பட்ட எனாமலில் உடனே ஒட்டினால் பிடிப்பு குறையும்.

ஏறக்குறைய 1.5 மி.மீ. வரையுள்ள சந்துக்கும், ஆணி போல் கூம்பிய பல்லை முழு வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கும், வயது குறைந்தவர்களுக்கும், கையில் நாள் இல்லாதவர்களுக்கும் முதல் தேர்வு இதுதான். பிடிக்காவிட்டால் தேய்த்து எடுத்துவிடலாம், அடியில் பல் பல்லாகவே இருக்கும். அமிலம் தடவாமல், காம்போசிட்டை வெறுமனே வைத்து உருவம் காட்டச் சொல்லலாம். பத்து நிமிஷ வேலை, நகத்தால் கழற்றிவிடலாம். சதுரமாகத் தெரிகிறதா, ‘ச’, ‘ஸ’ சொல்லும்போது எப்படி இருக்கிறது என்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

## வெனீர்: பல்லின் முகப்பில் பீங்கான் தகடு

பல்லின் முன்பக்கத்தில் 0.3 முதல் 0.7 மி.மீ. எனாமலை ராவி, அச்செடுத்து, லேபில் செய்துவந்த பீங்கான் தகட்டை ஒட்டுகிறார்கள். இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும், ஒன்றிரண்டு வாரம் ஆகும். இடைப்பட்ட நாட்களுக்குத் தற்காலிகத் தகடு. பளபளப்பு குறையாது, டீ கறை பிடிக்காது. நன்றாகச் செய்தால் பத்திலிருந்து பதினைந்து வருஷம் நிற்கும். ஒரு பல்லுக்குப் பத்தாயிரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

எல்லாம் எனாமலுக்குள் நிற்கிற வரைக்கும்தான் வெனீரின் பலம். ராவல் அதைத் தாண்டி, அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்குக்குள் போனால் கூச்சம் வரும், ஒட்டும் தளரும். ஒருமுறை ராவினால் அந்தப் பல்லுக்கு வாழ்நாள் முழுக்க ஏதாவதொரு மூடி வேண்டும். 25 வயதில் போடுகிறவர் 70 வயதுக்குள் மூன்று நான்கு முறை மாற்ற வேண்டியிருக்கும். சந்து இரண்டு பல்லுக்கு நடுவேதான் இருக்கும், ஆனால் நிறமும் அகலமும் ஒத்துப்போக வேண்டுமென்று நாலு, ஆறு பல் வரை கணக்கு நீளும். இரவில் பல்லைக் கடிப்பவர்கள் தூங்கும்போது நைட் கார்டு போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் தகடு தெறிக்கும்.

சந்தோடு நிறமும் பிரச்சினையாக இருக்கும்போது வெனீருக்கு நியாயம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளூரைடு மிகுந்த தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பழுப்புக் கறை, சிறு வயதில் எடுத்த ஆண்டிபயாடிக்கால் சாம்பல் பூத்த பல் போன்றவை அப்படி. பல் வெள்ளையாக, நல்ல வடிவில் இருந்து சந்து மட்டுமே குறை என்றால், அந்த எனாமலை ராவ ஒரு காரணமும் இல்லை.

## கேப்: சந்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்

கேப் போட, பல்லைச் சுற்றிலும் 1 முதல் 2 மி.மீ. ராவ வேண்டும். ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடும், மிஞ்சுவது ஒரு முளைக்குச்சி. இளவயதில் பல்லுக்குள் நரம்பறை பெரிதாக இருக்கும். ராவும்போது அது பாதிக்கப்படலாம் என்று சொல்லி, சொத்தையே இல்லாத பல்லுக்கு ரூட் கேனலும் சேர்த்துச் செய்கிறார்கள். இருபது வயதுப் பிள்ளையின் நாலு நல்ல பல்லுக்கு இப்படி நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப் என்றால், சில வருஷத்தில் ஈறு இறங்கும்போது விளிம்பில் கருங்கோடு தெரியும். உலோகம் போல் கருக்காத, வெள்ளை நிற ஜிர்கோனியா கேப்பில் கோடு வராது, ஆனால் ராவியது ராவியதுதான்.

ஏற்கெனவே ரூட் கேனல் செய்த பல், பாதி உடைந்த பல், பெரிய ஃபில்லிங் உள்ள பல் ஆகியவற்றுக்குக் கேப் எப்படியும் தேவை. அப்போது சந்தையும் சேர்த்து அடைத்துக்கொள்ளலாம்.

## கம்பி: பல்லையே நகர்த்துவது

சேர்ப்பதும் இல்லை, ராவுவதும் இல்லை, உங்கள் பல்லையே கொண்டுவந்து சேர்க்கிற வழி. 2 மி.மீ.க்கு மேற்பட்ட சந்து, பல இடங்களில் சந்து, முன்னே துருத்திய பல், ஆழமான கடி இவற்றுக்கெல்லாம் சரியான பதில் இதுதான். முன்பல் சந்து மட்டும் என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம், கடியையும் சேர்த்துச் சரிசெய்ய ஒன்றரை முதல் இரண்டு வருஷம். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை போய் ரப்பர் சங்கிலி மாற்ற வேண்டும். செலவு சில பத்தாயிரங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பல் சீரமைப்புத் துறையில் மிகக் குறைந்த கட்டணத்தில் செய்துகொள்ளலாம். காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

கீழ்ப்பல் மேல்பல்லின் பின்புறத்தில் முட்டும் ஆழக் கடி இருந்தால், அதைச் சரிசெய்யாமல் மேல் சந்தை மட்டும் இழுத்து மூட முடியாது. மூடினாலும் கீழ்ப்பல் தள்ளித் திறந்துவிடும். இதே ஆட்களுக்குக் காம்போசிட் அடைத்தால் அது மாதக்கணக்கில் உடைந்துகொண்டே இருக்கும். பசையின் தரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, கடிதான் காரணம்.

கம்பியின் உண்மையான விலை, கழற்றிய மறுநாள் தொடங்குகிறது. நடுப்பல் சந்துக்குத் திரும்பத் திறந்துகொள்ளும் குணம் அதிகம். அதனால் பல்லை அந்த இடத்திலேயே பிடித்துவைக்கும் ரிடெய்னராக, பல்லின் பின்பக்கம் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள். அது ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிற பொருள் இல்லை, வருஷக்கணக்கில், இயன்றால் ஆயுசுக்கும் இருக்க வேண்டியது. ஒரு முனை மட்டும் விடுபட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, சந்து மட்டும் மெல்லத் திறக்கும். வாரம் ஒருமுறை நாக்கால் தடவிப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். அந்தக் கம்பியைச் சுற்றிக் காரை சேரும், இடைப்பல் பிரஷ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தடித்த உதட்டு நார் இருப்பவர்களுக்கு அதை எப்போது வெட்டுவது என்பது முக்கியம். பெரும்பாலும் சந்தை மூடிய பிறகே வெட்டுவார்கள். முன்பே வெட்டினால், ஆறும்போது உண்டாகும் தழும்புத் திசு பல் நகர்வதற்குத் தடையாக நிற்கலாம். நாரை வெட்டினால் மட்டும் போதும், சந்து தானாக மூடும் என்று பெரியவர்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

## அலைனர்: கண்ணுக்குத் தெரியாத தகடு

பல்லின் மேல் மாட்டிக் கழற்றும், பல்லை மெல்ல நகர்த்தும் பிளாஸ்டிக் தகடு இது. சின்னச் சந்துகளுக்கு நன்றாக வேலை செய்யும். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு செட். நாளைக்கு நாலு டீ குடிப்பவர் ஒவ்வொரு முறையும் கழற்றி, வாய் கொப்பளித்து, மறுபடி மாட்ட வேண்டும். சூடான பானம் பட்டால் தகடு உருமாறும். இந்த ஒழுங்கு முடியாது என்று மனசுக்குத் தெரிந்தால் கம்பியே மேல், ஏனென்றால் கம்பி உங்கள் ஞாபகத்தை நம்பியில்லை. அலைனர் பல்லின் தலையைச் சாய்ப்பதில் கெட்டி, வேரை நேராக நகர்த்துவதில் அவ்வளவு இல்லை. பெரிய சந்தை அதால் மூடினால், தலைகள் சேர்ந்து வேர்கள் விரிந்து நிற்கலாம். அப்படி மூடிய சந்து சீக்கிரம் திறக்கும். செலவு லட்சத்தைத் தொடலாம், தாண்டவும் செய்யலாம். கடைசியில் கூடுதல் செட்டுகளும் ரிடெய்னரும் அந்தத் தொகையில் அடக்கமா என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

எக்ஸ்-ரே எடுக்காமல், ஈறை அளக்காமல், தபாலில் வரும் அலைனரை வாங்க வேண்டாம். இப்படி விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பல் பாதி நகர்ந்த நிலையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

## ரப்பர் பேண்ட்: இதை ஒருபோதும் செய்யாதீர்கள்

இரண்டு முன்பல்லையும் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டினால் ஒரு வாரத்தில் சந்து மூடும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. மூடும். ஆனால் பல்லின் வேர் நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் கூம்பு. பேண்டு அந்தச் சரிவில் வழுக்கி ஈறுக்குள் ஏறிவிடும். ஒருநாள் காலையில் காணவில்லை, விழுங்கிவிட்டோம் என்று நினைப்பீர்கள். அது உள்ளே எலும்பை அறுத்துக்கொண்டு மேலே போய்க்கொண்டிருக்கும், எக்ஸ்-ரேயிலும் சாதாரணமாகத் தெரியாது. ஈறு வீங்கும், பல் நீளும், ஆடும். கடைசியில் ஆரோக்கியமான இரண்டு நடுப்பற்களும் போய்விடலாம். பிள்ளைகள் போனில் பார்த்துச் செய்துகொள்கிறார்கள், அவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | ராவப்படும் அளவு | ஆகும் காலம் | எத்தனை நாள் நிற்கும் | பழையபடி ஆக்கலாமா |
|---|---|---|---|---|
| காம்போசிட் | இல்லை அல்லது மிகக் குறைவு | ஒரே நாள் | 5–7 வருஷம் | ஆம் |
| வெனீர் | 0.3–0.7 மி.மீ. | 1–2 வாரம் | 10–15 வருஷம் | இல்லை |
| கேப் | சுற்றிலும் 1–2 மி.மீ. | 1–2 வாரம் | 10–15 வருஷம் | இல்லவே இல்லை |
| கம்பி | இல்லை | 6–24 மாதம் | ரிடெய்னர் உள்ளவரை | ஆம் |
| அலைனர் | பெரும்பாலும் இல்லை | 4–18 மாதம் | ரிடெய்னர் உள்ளவரை | ஆம் |

## சிக்கலான நிலைகள்

ஈறு நோயால் வந்த சந்துக்கு ஈறுக்கடியில் ஆழமாகச் சுத்தம் செய்து, ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி அளந்து, ரத்தக் கசிவு நின்ற பிறகே கம்பி. வீக்கம் இருக்கும்போது பல்லை நகர்த்தினால் மிச்ச எலும்பும் போகும். நகர்த்தி முடித்ததும் பற்களைப் பின்னால் ஒன்றாகக் கட்டி வைப்பார்கள்.

நடுப்பல்லுக்கு அடுத்த பல் முளைக்கவே இல்லையென்றால், சந்தை மூடுவதா அல்லது திறந்து செயற்கைப்பல் வைப்பதா என்பதே முதல் கேள்வி. தாடை எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் என்றால் தாடை வளர்ச்சி நின்றிருக்க வேண்டும். பதினைந்து வயதில் வைத்தால் சுற்றியுள்ள பற்கள் வளர்ச்சியோடு இறங்கும், இம்பிளான்ட் மட்டும் மேலேயே நின்றுவிடும். அதுவரை கழற்றி மாட்டும் பல்லோ, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் பல்லோ போதும்.

3 மி.மீ. சந்துக்குப் பெரும்பாலும் இரண்டு வழியும் சேர்ந்ததே நன்றாக வரும். கம்பியால் நடுச் சந்தைக் குறைத்து, மிச்சத்தை நாலு பல்லுக்கும் சமமாகப் பங்கிட்டு, பிறகு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காம்போசிட். பல் நீளமும் அகலமும் இயல்பாக இருக்கும், கம்பிக் காலமும் குறையும்.

ஒன்றுமே செய்யாமல் விடுவதும் முழு உரிமையுள்ள ஒரு தேர்வுதான். பிறவிச் சந்து நோய் இல்லை, பல்லுக்குக் கெடுதலும் இல்லை. சந்து இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. உங்களுக்குப் பிடித்திருந்தால், மாப்பிள்ளை வீட்டார் ஏதோ சொன்னார்கள் என்பதற்காக அதை அடைக்க வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் உள்ளவர் 2 மி.மீ. சந்தோடு வந்தால்: கிளீனிங், எக்ஸ்-ரே, பிறகு நடுப்பல் இரண்டிலும் காம்போசிட்டை ராவாமல் வைத்து, கொஞ்சம் சந்தை மிச்சம் விட்டுக் குறைப்பது. கல்யாணம் முடிந்து ஆற அமர, அந்தக் காம்போசிட்டை எடுத்துவிட்டுக் கம்பி போடலாம். நாளை நெருக்கத்தில் குறித்துக்கொள்ளாதீர்கள். அடைத்த பிறகு கடியைச் சரிபார்க்கவும் மறுபாலிஷுக்கும் இரண்டு வாரமாவது கையில் இருக்கட்டும்.